முகாம் தேதி குறிப்பதற்கு முன்: பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநில ஆலய நிர்வாகக் குழுத் தலைவர்கள், செயலாளர்கள், மகளிர் பிரிவுப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தீவிலும் செபராங் பிறையிலும் ஆலய மண்டபங்களில் இலவச மருத்துவ முகாம் நடத்துவது இப்போது நல்ல வழக்கமாகிவிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கண், பல், இரத்த தானம் என்று எல்லாவற்றுக்கும் மேசை போடுகிறீர்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறோம். முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பதை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். முகாம் தேதியைப் பிறகு குறியுங்கள். சர்க்கரை அளவை விரலில் குத்திப் பார்த்து அங்கேயே சொல்லி அனுப்பிவிடலாம். இந்தப் பரிசோதனையில் மாதிரி எடுக்கும் நாள்தான் வேலை ஆரம்பிக்கும் நாள்.

நாங்கள் செல் ஆய்வுக்கூடத்திலும் மகளிர் நோய்ப் பிரிவிலும் வேலை பார்ப்பவர்கள். முகாமில் மாதிரி கொடுத்துவிட்டு, பாசிட்டிவ் என்று முடிவு வந்தும் மருத்துவமனைக்கு வராமலே போகும் பெண்கள்தான் எங்களுடைய பெரிய கவலை. எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்ற எண்ணிக்கை ஆண்டறிக்கையில் அழகாக இருக்கும். ஆனால் பாசிட்டிவ் வந்த பெண் சிகிச்சைக்கு வரவில்லை என்றால் அந்த முகாமால் அவருக்கு ஒரு பலனும் இல்லை.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உலக அளவில் 2022இல் சுமார் 660,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது; சுமார் 350,000 பேர் இறந்தார்கள். மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 பேர் புதிதாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பது அனைத்துலக மதிப்பீடு. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். அதிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு புற்றுநோய்க்குக் காரணம். உடலுறவு கொண்ட எவருக்கும் இந்த வைரஸ் தொற்றலாம். பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே விரட்டிவிடும். விரட்ட முடியாத சிலருக்குச் செல்கள் மெல்ல மெல்ல மாறி, புற்றுநோயாக முற்ற 10 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும்.

அந்த இடைப்பட்ட காலத்தில் பிடித்துவிட்டால் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஒரு கொடுமை காட்டுகிறது. 1960களிலும் 70களிலும் அங்கே ஒரு மருத்துவமனையில் உயர் தர மாற்றம், அதாவது புற்றுநோய்க்கு முந்தைய கடுமையான செல் மாற்றம், இருந்த பெண்கள் சிலருக்கு உரிய சிகிச்சை கொடுக்காமல், என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 30 ஆண்டுகளில் அவர்களில் 100க்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஒருவருக்குக்கூட வரவில்லை, 0.7 விழுக்காடுதான். பாசிட்டிவ் வந்த பெண்ணை விட்டுவிடாதீர்கள் என்று நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்து உருப்பெருக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் மலேசியாவில் 1969 முதல் இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் வராதவர்கள் வராமலேதான் இருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் முன்னால் கட்டிலில் கால்களை அகற்றிப் படுக்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். பிள்ளை பெற்றதோடு சரி, இனி அந்தக் கட்டிலில் ஏறமாட்டேன் என்கிற அம்மாக்கள் நம்மிடம் நிறைய. மாதிரியில் வைரஸின் மரபணுவையே தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை அந்தத் தடையை எடுத்துவிட்டது. பெண் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே மாதிரி எடுத்துக்கொள்ளலாம். மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியாவின் வி.சி.எஸ். அறக்கட்டளையோடு சேர்ந்து 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டம் கிள்ளான் பள்ளத்தாக்கின் அரசாங்க கிளினிக்குகளில் இதைச் செய்து காட்டியது. மாதிரியைப் பெண்ணே எடுத்தார். முடிவு அவர் கைப்பேசிக்கே போனது. இப்போது 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒரு முறை எச்.பி.வி. பரிசோதனை என்பதே சுகாதார அமைச்சின் வழி. முப்பதுக்குக் கீழே வைரஸ் வந்து வந்து போகும் வயது. அவர்களுக்குப் பாப் ஸ்மியர் போதும்.

பாப் ஸ்மியரில் நாங்கள் தேடுவது எதை? கருப்பைவாயின் வெளிப்புறத்தைத் தட்டைச் செல்கள் மூடியிருக்கும். உட்குழாயில் உயரமான செல்கள் வரிசையாக நிற்கும். இரண்டும் சந்திக்கிற எல்லையில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்கும். நலமான தட்டைச் செல் உருப்பெருக்கியில் அகலமாக, மெல்லிய ஓரத்தோடு, நடுவில் சின்னக் கருவோடு (நியூக்ளியஸ்) தெரியும். வைரஸ் வேலையைக் காட்டிய செல்லில் கரு மூன்று மடங்குக்கு மேல் பெருத்து, கறுத்து, ஓரம் நெளிந்திருக்கும். அதைச் சுற்றி வெறுமையான ஒரு வளையம் இருக்கும். இது குறைந்த தர மாற்றம்; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். உயர் தர மாற்றத்தில் செல்லே சிறுத்துவிடும்; கரு ஏறக்குறைய முழுச் செல்லையும் அடைத்துக்கொள்ளும். நாங்கள் அஞ்சுவது இந்தச் சின்னச் செல்களைத்தான். ஒரு கண்ணாடித் தகட்டில் பல்லாயிரம் நல்ல செல்களுக்கு நடுவே சில மட்டும் கிடக்கும். இரத்தமோ சளியோ மூடியிருந்தால் கண்ணில் படவே படாது. அதனால்தான் ஒரே ஒரு பாப் ஸ்மியர் உயர் தர மாற்றங்களில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை தவறவிடக்கூடும். எச்.பி.வி. பரிசோதனை பத்தில் ஒன்பதைப் பிடிக்கும்.

சில நிர்வாகங்கள் தனியார் கிளினிக்கை மண்டபத்துக்கே அழைத்துப் பாப் ஸ்மியர் எடுக்கச் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: மின்விசிறி. செல்களைத் தகட்டில் தேய்த்த கையோடு 95 விழுக்காடு ஆல்கஹாலில் முக்க வேண்டும், அல்லது அதற்கான தெளிப்பானை அடிக்க வேண்டும். விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் காய்ந்தாலும் செல் உப்பி, கரு பெருத்து மங்கி, சாயம் சரியாகப் பிடிக்காது. நல்ல செல்லும் கெட்ட செல் போலத் தெரியும். கெட்டதைக் கெட்டது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. தகட்டின் சொரசொரப்பான முனையில் பெயரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். எங்களைக் கேட்டால், மண்டப முகாமுக்குத் தானே எடுக்கும் எச்.பி.வி. மாதிரிதான் பொருத்தம். பாப் ஸ்மியரைக் கிளினிக்கிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

இனி முகாமைப் பற்றி.

மாதவிலக்கு நாட்களில் மாதிரி எடுத்தால் இரத்தம் கலந்து முடிவு கெடலாம். அந்த நாட்களில் நம் பெண்கள் கோயில் பக்கமே வரவும் மாட்டார்கள். எனவே ஒரே நாள் முகாம் வைத்தால் அன்றைக்கு விலக்கானவர்கள் எல்லாரும் விடுபட்டுப் போவார்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு நாள் வையுங்கள். சன்னிதிக்குள் நுழையாமல் வெளிவாசல் வழியாகவே வந்துபோகக்கூடிய மண்டபம் இருந்தால் இன்னும் நல்லது. அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்: மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்கு உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்து, கழுவு நீர், கிரீம் எதுவும் வேண்டாம். இதை ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். கையில் கொடுக்கும் துண்டுத் தாளில் இருக்கட்டும்.

கழிவறை சுத்தமாக, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடியதாக, தரை காய்ந்ததாக இருக்க வேண்டும். பையை மாட்ட ஒரு கொக்கி, மாதிரி எடுக்கும் குச்சியையும் அதைப் போடும் குழாயையும் வைக்க முழங்கை உயரத்தில் ஒரு சின்ன மேசை. இந்த மேசை இல்லாததால் ஈரத் தரையில் விழுந்து வீணாகும் குச்சிகள் அநேகம். பொட்டலத்தைத் திறக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். கோவிட் காலத்தில் மூக்கில் விட்டோமே, அது போன்ற பஞ்சு முனைக் குச்சிதான். முனையைத் தொடக்கூடாது. ஒரு காலைத் தூக்கி வைத்தோ, சற்றே குந்தியோ நின்று, குச்சியை முதுகுப் பக்கமாகச் சாய்த்து, தண்டில் இருக்கும் கோடு வரை மெதுவாகப் பிறப்புறுப்புக்குள் விட வேண்டும். சுமார் நான்கு ஐந்து சென்டிமீட்டர். கருப்பைவாயைத் தொட வேண்டிய அவசியமில்லை. பொட்டலத்தோடு வரும் தாளில் எத்தனை சுற்று என்று போட்டிருக்கிறதோ அத்தனை சுற்று சுற்றி, வெளியே எடுத்து, நேராகக் குழாயில் வைத்து மூடியை இறுக்க வேண்டும். தண்ணீரில் நனைக்கக்கூடாது, துடைக்கக்கூடாது, வேறெங்கும் வைக்கக்கூடாது. கூச்சத்தில் பலர் வாசலில் மட்டும் தடவிவிட்டு வந்துவிடுவார்கள். ஆய்வுக்கூட இயந்திரம் வைரஸைத் தேடும்போதே பீட்டா குளோபின் போன்ற மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடும். அது கிடைக்கவில்லை என்றால் மாதிரியில் போதிய செல் இல்லை என்று பொருள். மறுபடி எடுக்கச் சொல்லித்தான் முடிவு வரும். ஆகவே உள்ளே அனுப்பும் முன் ஒரு தாதி, அல்லது பயிற்சி பெற்ற ஒரு பெண், தனியாக உட்காரவைத்துத் தமிழில் படம் காட்டிச் சொல்ல வேண்டும். அவசரமில்லாமல் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தன்னால் முடியாது என்று சொல்பவருக்குத் தாதியே எடுத்துக்கொடுக்கத் திரை மறைவில் ஒரு கட்டில் இருக்கட்டும்.

பதிவு மேசைதான் எங்களுக்கு அதிகத் தலைவலி தருவது. ஒரே முகாமில் மூன்று சரஸ்வதி, நான்கு லெட்சுமி வருவார்கள். அடையாள அட்டையில் ஒருவர் பெயர் ஒரு மாதிரி எழுதியிருக்கும், வீட்டில் வேறு மாதிரி எழுதுவார்கள். அடையாள அட்டையைப் பார்த்தே 12 இலக்க எண்ணை எழுதுங்கள். வாயால் சொல்வதை எழுதாதீர்கள். குழாயில் ஒட்டும் லேபிளை அந்தப் பெண் கழிவறைக்குள் போவதற்கு முன்பே, அவர் கண் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். மாலையில் எல்லாக் குழாய்களையும் மொத்தமாக வைத்துக்கொண்டு ஒட்டினால் ஒருவர் முடிவு இன்னொருவருக்குப் போகும். பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

கைப்பேசி எண் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். கணவர் எண்ணோ மகன் எண்ணோ வேண்டாம். எண்ணை எழுதியதும் அங்கேயே ஒரு முறை அழைத்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து தெரியாத எண் வந்தால் யாரும் எடுப்பதில்லை. கிளினிக்கிலிருந்து வரும், 04 என்று தொடங்கும் எண்ணையும் எடுப்பதில்லை. எனவே முடிவு சொல்லப் போகும் கிளினிக்கின் எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவு மேசையிலேயே அவர் கைப்பேசியில் பெயரோடு சேமித்துக் கொடுங்கள். வேலை அவ்வளவுதான், பலன் மிகப் பெரியது.

சிலரை இந்த மேசைக்கு அனுப்பவே கூடாது. உடலுறவுக்குப் பின் இரத்தம், தீட்டு நின்று ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு மறுபடி இரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளை அல்லது இரத்தம் கலந்த நீர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் குச்சியைக் கொடுக்காமல் நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள், அதே வாரத்தில். இந்தப் பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கு உரியது. அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் என்று வந்துவிட்டால் அந்தப் பொய் நிம்மதியில் மாதங்கள் ஓடிவிடும். கர்ப்பிணிகளைக் கர்ப்பகால கிளினிக்கிலேயே கேட்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டேன் என்பவரிடம் கருப்பைவாயையும் சேர்த்து எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அறுவை சிகிச்சைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புற்றுநோய் அல்லாத கட்டிக்காக முழுவதும் எடுத்துவிட்டார்கள், முன்பு உயர் தர மாற்றமும் இருந்ததில்லை என்றால் பரிசோதனை தேவையில்லை.

படிவத்தில் 'திருமணம் ஆனவரா' என்று கேட்டு அதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திருமணமாகாதவர், விவாகரத்தானவர், கணவரை இழந்தவர் எல்லாரும் அந்த ஒரு கேள்வியில் நின்றுவிடுவார்கள். வயதை மட்டும் பாருங்கள். அதிலும் 50க்கு மேற்பட்ட அம்மாக்களைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுங்கள். 'எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதற்கு' என்பார்கள். இருபது ஆண்டுக்கு முன் தொற்றிய வைரஸ் இந்த வயதில்தான் புற்றுநோயாக முற்றி நிற்கும். பள்ளியில் முதலாம் படிவ (13 வயது) மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி 2010இல்தான் தொடங்கியது. 1997க்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளி ஊசி கிடைக்கவில்லை. ஊசி போட்டவர்களும் வயது வந்ததும் பரிசோதனைக்கு வர வேண்டும், ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

முடிவு நான்கு விதமாக வரும். நெகட்டிவ் என்றால் 5 ஆண்டு கழித்து வரலாம். மாதிரி போதவில்லை என்றால் மீண்டும் எடுக்க வேண்டும். இதற்கும் பயப்பட ஒன்றுமில்லை. 16 அல்லது 18 பாசிட்டிவ் என்றால் நேராகக் கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்குப் போக வேண்டும். மற்ற உயர் அபாய வகை பாசிட்டிவ் என்றால் ஒரு பாப் ஸ்மியர் எடுத்து, செல் மாறியிருந்தால் கால்போஸ்கோபி. மாறாமல் இருந்தால் 12 மாதத்தில் மறுபரிசோதனை. இங்கேதான் பலர் நழுவுகிறார்கள். 'அன்றைக்குத்தான் கொடுத்தேனே, அதிலேயே பார்க்கக்கூடாதா' என்று கேட்பார்கள். பார்க்க முடியாது. தானே எடுத்த குச்சியில் வைரஸ் இருக்கிறதா என்று சொல்லலாம். எல்லைப் பகுதியின் செல்கள் அதில் வருவதில்லை. இந்த இரண்டாவது வருகையைப் பற்றி முகாம் அன்றே சொல்லி வைத்தால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நூறு பேர் வந்தால் ஒரு சிலருக்குப் பாசிட்டிவ் வரத்தான் செய்யும். அவர்களிலும் பலருக்குச் செல் மாற்றமே இருக்காது. வீட்டில் எழும் அடுத்த கேள்வி இதைவிடக் கசப்பானது: யாரிடமிருந்து வந்தது? எவராலும் சொல்ல முடியாது. வைரஸ் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் இருக்கும். நேற்று வந்ததா, கல்யாணமான புதிதில் வந்ததா என்று எந்த ஆய்வுக்கூடமும் பிரித்துச் சொல்லாது. இதை ஆண்களுக்கும் சொல்லுங்கள். நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே சொல்லலாம். முடிவுப் பட்டியல் குழுவினர் கையில் இருக்கவே கூடாது. வாட்ஸ்அப் குழுவில் 'முடிவு வந்தவர்கள் தொடர்புகொள்ளவும்' என்று பெயர்களைப் போடுவதும் வேண்டாம். ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்களுக்குப் பெயரைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

கால்போஸ்கோபி என்றதும் அறுவை சிகிச்சை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். உருப்பெருக்கும் கருவியை வெளியே வைத்துக்கொண்டு கருப்பைவாயைப் பார்ப்பதுதான் அது. 3 முதல் 5 விழுக்காட்டு அசெட்டிக் அமிலத்தை, அதாவது புளிக்காடியில் இருக்கும் அமிலத்தை, தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறிய இடம் வெளுத்துத் தெரியும். அங்கிருந்து சில மில்லிமீட்டர் சதை எடுப்பார்கள். சுருக்கென்று வலிக்கும், கொஞ்சம் இரத்தம் வரும், ஒரு மாதவிலக்குப் பட்டை (பேட்) கொண்டுபோனால் போதும். உயர் தர மாற்றம் உறுதியானால் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு கால் மணி நேரத்துக்குள் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு சுமார் நான்கு வாரம் உடலுறவு, நீச்சல் கூடாது. நீர் வடிவது வழக்கம். பட்டை நிறைய நிறைய இரத்தம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே போக வேண்டும்.

ஆலயம் உதவ வேண்டிய இடம் இதுதான். கால்போஸ்கோபி நேரம் வேலை நாளில்தான் கிடைக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும், நாள் கூலிக்குத் துப்புரவு வேலை செய்பவருக்கும் அன்றைய சம்பளம் போகும். நிபோங் தெபாலிலிருந்தோ வால்டோரிலிருந்தோ செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ, தீவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போக வண்டி வேண்டும். ஆலய வேன் இருக்கிறது. அன்னதானத்துக்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கு போதும், வண்டிச் செலவுக்கும் கூடப் போகிற பெண்ணின் சாப்பாட்டுக்கும். சிவப்பு அடையாள அட்டை (நிரந்தரவாசி அட்டை) வைத்திருப்பவர்களும் ஆவணமே இல்லாதவர்களும் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் வேறு, அதிகம். அந்தப் பணத்துக்கு என்ன வழி என்பதை அவரிடம் குச்சியைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எனவே நாங்கள் கேட்பது இது. முகாமுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே உங்கள் வட்டாரச் சுகாதாரக் கிளினிக்கின் சிஸ்டரைப் போய்ப் பாருங்கள். மாதிரி எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது, முடிவு எத்தனை வாரத்தில் வரும், பாசிட்டிவ் வந்தால் பரிந்துரைக் கடிதம் யார் எழுதுவார், எந்த மருத்துவமனை ஏற்கும் என்று நான்கு கேள்வி கேளுங்கள். நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு நோட்டீஸ் அடியுங்கள். உங்கள் மகளிர் பிரிவில் இரகசியம் காக்கிற, எல்லாரும் நம்புகிற ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, பாசிட்டிவ் வந்தவர்கள் விரும்பினால் மட்டும் கூப்பிடட்டும் என்று அவருடைய எண்ணைத் துண்டுத் தாளில் போடுங்கள். தன்னை அழைத்தவர்கள் கால்போஸ்கோபி முடித்தார்களா, 12 மாத மறுபரிசோதனைக்கு யார் யார் போக வேண்டும் என்பதை அவர் மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கட்டும். நிர்வாகம் மாறினாலும் அந்த நோட்டும் பொறுப்பும் அவரிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
செல் ஆய்விலும் மகளிர் நோய்ப் பிரிவிலும் பணிபுரியும் பினாங்குத் தமிழர் சிலர்